கிம்புளா ஏங்கவில்லை, அண்ணா

கூப்பிட்டால் "ஓம், சொல்லு" என்று திரும்புகிற என் அண்ணாவுக்கு,

வருகிற கிழமை உங்களுடைய ஆட்டைத் திவசம், நீங்கள் போய் ஒரு வருசம் முடிகிறது. இந்த ஒரு வருசமாக உங்களோடு மனதுக்குள்தான் கதைத்துக்கொண்டிருக்கிறேன். வாய்விட்டுக் கதைக்க எனக்கு ஏலாது என்று உங்களுக்குத் தெரியும். கடைக்குப் போனாலும் விரலால் காட்டிச் சாமான் வாங்கிக்கொண்டு வருகிறவள் நான். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டபோது அம்மா அழுதார், அப்பா கட்டாரில் இருந்து போனில் ஏசினார். நீங்கள் மட்டும்தான் "சரி, போகாட்டில் போகாத. ஆனா வாசிக்கிறதை விட்டிடாத" என்றீர்கள். நான் விடவில்லை.

இதை எழுதி உங்கள் அலுமாரிக்குள் வைத்திருக்கலாம். ஆனால் உங்களோடு லாஞ்ச் படகில் வேலை செய்த ரூபன் அண்ணா, எழுதித் தந்தால் தன்னுடைய பேஸ்புக்கில் போடுவதாகச் சொன்னார். போன வருசம் எங்கள் நாய் கிம்புளாவைப் பற்றி அவர் போட்ட பதிவைக் கனபேர் வாசித்தார்கள். அதை வாசித்தவர்கள் இதையும் வாசிக்க வேண்டும் என்று அவரே கேட்டார். அதனால் மற்றவர்களும் பக்கத்தில் இருந்து கேட்கிறார்கள் என்று தெரிந்துகொண்டுதான் எழுதுகிறேன். வெட்கமாக இருக்கிறது. உங்களைப் பார்த்துச் சொல்கிற மாதிரி நினைத்துக்கொண்டால் கொஞ்சம் இலகுவாக இருக்கிறது.

நீங்கள் அவனைக் கொண்டுவந்த நாள் ஞாபகமா அண்ணா? துறைமுகத்தில் நங்கூரம் போட்டு நிற்கிற கப்பல்களுக்குச் சாமான் கொடுத்துவிட்டு வந்தீர்கள். சேட்டுக்குள் எதையோ மறைத்து வைத்திருந்தீர்கள். மாற்றலாகி ஊருக்குப் போகிற ஒரு குடும்பம் தந்தது என்றீர்கள். கீழே விட்டதும் மண்ணிறமாக, காதெல்லாம் நிலத்தில் படுகிற மாதிரி ஒன்று குசினிப் பக்கம் ஓடியது.

"என்னடா இது, கால் இன்னும் வளரேல்லையோ?" என்று அம்மா கேட்டார்.

"வளர்ந்தாலும் இவ்வளவுதான் அம்மா. டாஷண்ட் எண்டு சொல்லுறது. சின்னச் சாதி."

"நீளத்தைக் குடுத்த கடவுள் காலைக் குடுக்க மறந்துபோனார் போல."

நீங்கள் தேத்தண்ணியோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த பணிசைத் தூக்கி அவனுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தீர்கள். முதலை மாதிரி நீட்டாக, மேலே சீனி தூவின கிம்புளா பணிஸ்; சிங்களத்தில் கிம்புளா என்றால் முதலை. நிறமும் ஒன்று, நீளமும் ஒன்று. அப்படித்தான் அவனுக்குப் பெயர் வந்தது. பெயர் வைத்து முடிக்க முதல் பணிசில் பாதியை அவன் சாப்பிட்டுவிட்டான்.

இந்தச் சாதியின் குணம் எல்லாம் எங்களுக்குப் போகப் போகத்தான் தெரிந்தது. உடம்பு சின்னது, குரைக்கிற சத்தம் பெரியது. ரோட்டில் போகிற லொறியையும் தன்னைவிடச் சின்னது என்று நினைப்பான். வேண்டாம் என்றால் கேட்கமாட்டான், கேட்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்வான். எதையாவது தோண்ட வேண்டும். கடற்கரைக்குக் கூட்டிப்போனால் நண்டுக் குழிக்குள் தலையை விட்டு, பின்பக்கம் மட்டும் வெளியே தெரிய நிற்பான். வாயைக் கட்டத் தெரியாது. கொடுத்தால் கொடுத்த அளவுக்குச் சாப்பிட்டு, வயிறு நிலத்தில் உரசுகிற அளவுக்கு வந்துவிடுவான். வீட்டில் எத்தனை பேர் இருந்தாலும் ஒருவரைத்தான் தன்னுடைய ஆள் என்று எடுத்துக்கொள்வான். அது நீங்கள்.

அவனைத் தந்த குடும்பத்து அம்மா உங்களிடம் ஒன்று சொல்லியிருந்தார். உயரத்தில் இருந்து பாய விடவேண்டாம், இந்தச் சாதிக்கு முதுகு பலவீனம் என்று. நாங்கள் சிரித்தோம். நீங்கள் சிரிக்கவில்லை. அவனைத் தூக்கும்போது ஒரு கையை நெஞ்சுக்குக் கீழேயும் மற்றக் கையைப் பின்பக்கத்துக்குக் கீழேயும் கொடுத்து, பலகாரத் தட்டத்தைத் தூக்குகிற மாதிரி நேராகத் தூக்குவீர்கள். அவன் உங்கள் கட்டிலில்தான் படுப்பான் என்று அடம்பிடித்தபோது, லாஞ்சில் ஏறப் போடுகிற பழைய பலகை ஒன்றைக் கொண்டுவந்து கட்டிலோடு சாய்த்து வைத்தீர்கள். வழுக்காமல் இருக்கச் சாக்குத் துண்டையும் அடித்தீர்கள். கிம்புளா துரை அதில் ஏறி இறங்குவதைப் பார்க்க அம்மா வேலையை விட்டுவிட்டு வந்து நிற்பார்.

அந்தப் பலகையைப் பற்றித்தான் முதலில் உங்களுக்குச் சொல்லவேண்டும்.

காய்ச்சல் என்று படுத்தீர்கள். டெங்கு என்றார்கள். ஆஸ்பத்திரியில் இருந்து வரும்போது நீங்கள் நடந்து வருவீர்கள் என்றுதான் நான் நீங்கள் வீட்டில் கட்டுகிற சாரத்தை மடித்துக் கட்டிலில் வைத்திருந்தேன். அதற்கு மேல் அந்த நாளைப் பற்றி எழுத எனக்கு இன்னும் ஏலாது.

செத்த வீட்டுக்கு ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். உங்களுக்கு இவ்வளவு சிநேகிதர் இருந்தது எங்களுக்குத் தெரியாது. இருக்கக் கதிரை போதாமல் போனது. யாரோ உங்கள் அறைக்குள் போய்ப் பலகையை எடுத்துக்கொண்டு வந்து, பந்தலுக்குள் இரண்டு கல்லின் மேல் வாங்கு மாதிரி போட்டார்கள். உங்களைப் பார்க்க வந்தவர்கள் அதில் இருந்து தேத்தண்ணி குடித்தார்கள். ஒருவரும் பிழையாக ஒன்றும் செய்யவில்லை அண்ணா. அது என்னத்துக்கு என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

உங்கள் கட்டிலை அம்மா தொட விடவில்லை. மெத்தை, தலையணை, மடித்த சாரம் எல்லாம் அப்படியே இருந்தன. கிம்புளா அந்த உயரத்துக்குப் பாய்ந்து ஏறினான். பிறகு பாய்ந்து இறங்கினான். கேற் திறக்கிற சத்தம் கேட்கும்போதெல்லாம் யாரென்று பார்க்க இறங்குவான், நீங்கள் இல்லையென்றால் திரும்ப ஏறுவான். செத்த வீட்டில் கேற் எத்தனை தரம் திறக்கும்?

எட்டாம் நாள் படைக்கிற எட்டுச் செலவுக்கு முதல் நாள் மத்தியானம், சமையலுக்குப் பெண்கள் கூடியிருந்த சத்தத்துக்குள் அறையில் இருந்து ஒரு கத்தல் கேட்டது. ஒரே ஒரு தரம். நான் போய்ப் பார்த்தபோது அவன் கட்டிலுக்குக் கீழே போய்ச் சுருண்டிருந்தான். கூப்பிட்டேன், வரவில்லை.

அடுத்த நாள் உங்களுக்குப் படைத்தோம். பாரைக் குழம்பு, இடியப்பம், சொதி, அம்மா மறக்காமல் வாங்கி வைத்த கிம்புளா பணிஸ். படைத்த பிறகு அதில் ஒரு துண்டைப் பிய்த்து அம்மா அவனுக்கு நீட்டினார். அவன் முகத்தைத் திருப்பினான். பணிசுக்காகக் கட்டிலையே புரட்டக்கூடியவன்.

"பார்த்தியளே. வாயில்லாச் சீவன். அவனில்லாமல் தொடமாட்டன் எண்டு கிடக்குது," என்றார் பக்கத்து வீட்டு மலர் மாமி. பெண்கள் எல்லாரும் அழுதார்கள். அம்மா நிலத்தில் குந்தி அவனுடைய தலையைத் தடவி, "உனக்குத் தெரியுதடா, உனக்கு மட்டும்தான் தெரியுது," என்று சொல்லிச் சொல்லி அழுதார்.

ரூபன் அண்ணா கட்டிலுக்குக் கீழே போனைப் பிடித்து ஒரு படம் எடுத்தார். அன்று பின்னேரமே பதிவைப் போட்டார். எசமான் போன நாளில் இருந்து எழும்பாமல் கிடக்கிற நாய் என்று. அவர் கெட்ட எண்ணத்தில் போடவில்லை. அழுதுகொண்டுதான் போட்டார்.

அதற்குப் பிறகு வீடு கோயில் மாதிரி ஆனது அண்ணா. உங்களைத் தெரியாதவர்கள் எல்லாம் வந்தார்கள். குச்சவெளியில் இருந்து பஸ் எடுத்து ஒரு குடும்பம் வந்தது. பிஸ்கட் பக்கற்றோடு வருவார்கள், குனிந்து பார்ப்பார்கள், கண்ணைத் துடைப்பார்கள். போகும்போது அம்மாவின் கையைப் பிடித்து, "நாய்க்கே இப்பிடியெண்டால் உங்கட பிள்ளை எப்பிடிப்பட்ட பிள்ளையாய் இருந்திருக்கும்," என்பார்கள். அந்த வார்த்தைக்காகத்தான் அம்மா காலையில் எழும்பி முகம் கழுவினார். அது எனக்குத் தெரியும்.

நான் அழவில்லை என்றும் ஆட்கள் கதைத்தார்கள். நாய் கூட அழுதது, தங்கச்சிக்காரி கல்லு மாதிரி இருக்கிறாள் என்று. குசினிக்குள் கோப்பை கழுவிக்கொண்டு அதைக் கேட்டேன். என்ன சொல்ல? எனக்கு எல்லாமே உள்ளேதான் நடக்கும். நீங்கள்தான் அதைப் பார்த்தவுடன் கண்டுபிடிப்பீர்கள்.

ஆட்கள் போன பிறகு நான் கட்டிலுக்குக் கீழே படுத்து அவனைப் பார்ப்பேன். அவனுடைய கண் சோகமாகத்தான் இருந்தது. ஆனால் கண்ணை விட்டுவிட்டு மற்றதைப் பார்த்தேன். வயிறு பலகை மாதிரி இறுகியிருந்தது. முதுகு வளைந்து நின்றது. தண்ணீர்ச் சட்டியை வைத்தால் முன்னங்காலால் தவழ்ந்து வருவான், பின்னங்கால் பின்னால் இழுபட்டு வரும். பாதம் மடிந்து, மேல்பக்கம் நிலத்தில் உரசித் தோல் போயிருந்தது. வாலை அசைக்கவே இல்லை. படுத்த இடம் ஈரமாக இருந்தது.

ஏங்குகிற நாய் எழும்பாமல் கிடக்கலாம். பாதத்தை ஏன் மடித்து வைக்கவேண்டும்?

உங்கள் போனில்தான் தேடி வாசித்தேன். இந்தச் சாதி நாய்களுக்கு முதுகெலும்புகளின் நடுவில் இருக்கிற மெத்தை போன்ற சவ்வு இளம் வயதிலேயே காய்ந்து கெட்டியாகிவிடுமாம். பாய்ந்து விழுந்தால் அது பிதுங்கி நரம்பை அமத்துமாம். கெதியாகப் பார்க்காவிட்டால் பின்னங்கால் போய்விடும் என்று இருந்தது. வாசித்துவிட்டுத் தலையைத் திருப்பினேன். கட்டில் பக்கத்தில் பலகை இருந்த இடம் வெறுமையாக இருந்தது.

அம்மாவிடம் போய், "அம்மா, அவனுக்கு முதுகு நோகுது. டொக்டரிட்டக் காட்ட வேணும்," என்றேன்.

அம்மா என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. மலர் மாமிதான் பதில் சொன்னார். "உனக்குத்தான் கண்ணில தண்ணி வரேல்லை. அந்தச் சீவனாவது அழட்டும், விடன்."

அண்ணா, அந்த இடத்தில் நீங்கள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? அடுத்த நாள் காலையில் அம்மா குளிக்கப் போன நேரம், அப்பிள் வருகிற பிளாஸ்ரிக் பெட்டிக்குள் துணி விரித்து, இரண்டு கையையும் கீழே கொடுத்து அவனை நேராகத் தூக்கி வைத்தேன். சந்தியில் ஆட்டோ பிடித்தேன். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"இது பேஸ்புக்கில வந்த நாயெல்லோ?"

நான் தலையை ஆட்டினேன்.

"இதை ஏன் டொக்டரிட்டக் கொண்டு போறீங்கள்? ஏக்கத்துக்கு என்ன மருந்து?"

மிருக வைத்தியசாலை வாசலில் ஒரு பசு, கயிறோடு இரண்டு ஆடு, ஒரு கோழிக்கூடை. நாயோடு நின்றது நான் மட்டும்தான். என்னைக் கூப்பிட்டார்கள். டொக்டர் கிண்ணியாவைச் சேர்ந்த இளம் பெண். "சொல்லுங்க தங்கச்சி, என்ன செய்யுது இவனுக்கு?" என்று கேட்டார். வரும் வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்ததெல்லாம் போய்விட்டது. பிறகு ஒரு சொல் தானாக வெளியே விழுந்தது.

"முதுகு."

அவர் சிரிக்கவில்லை. அவனை மேசையில் தூக்கி வைக்கும்போது என் கையைக் கவனித்தார். "தூக்கத் தெரிஞ்சிருக்கு," என்றார். பின்னங்கால் பாதத்தை மடித்து வைத்துப் பார்த்தார். நல்ல நாய் உடனே திருப்பி வைத்துவிடுமாம். அவன் மடித்தது மடித்தபடியே நின்றான். பிறகு ஒரு சின்ன இடுக்கியால் கால் விரலை அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் அழுத்தினார். நான் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மெதுவாகக் கிம்புளா தலையைத் திருப்பி, டொக்டரைப் பார்த்துப் பல்லைக் காட்டி உறுமினான்.

"ஏசுறான். நல்லம்," என்றார் டொக்டர். "நோவு தெரியுது. நரம்பு முழுசாப் போகல்ல."

"எல்லாரும் எங்கட அண்ணாக்காக ஏங்குறான் எண்டு சொல்லீனம்," என்றேன். ஏன் அதைச் சொன்னேன் என்று தெரியாது. யாரிடமாவது சொல்லவேண்டும் போல இருந்தது.

டொக்டர் இடுக்கியைக் கீழே வைத்தார். "ஏங்கவும் செய்யலாம். அது என்ட கைக்குப் பிடிபடாது. இது பிடிபடுது."

நடப்பான் என்று சத்தியம் பண்ணமாட்டேன் என்றார். அறுவைச் சிகிச்சை என்றால் தூர இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அதற்கு முதல் மருந்தும் ஓய்வும் கொடுத்துப் பார்க்கலாம் என்றார். ஓய்வு என்றால் சும்மா இல்லை. திரும்பிப் படுக்க மட்டும் இடம் உள்ள கூட்டுக்குள் கிழமைக் கணக்கில் இருக்க வேண்டும். ஏற, இறங்க, ஓட விடக்கூடாது. முக்கியமாக எண்ணெய் போட்டு உருவக்கூடாது, உருவினால் நிலைமை இன்னும் மோசமாகும். உடம்பு கூடக்கூடாது, பிஸ்கட்டை நிப்பாட்டுங்கள் என்றார். அவன் தானாகச் சிறுநீர் போகிறானா என்று பார்க்கவும், போகாவிட்டால் வயிற்றை எப்படி அமத்துவது என்றும் என் கையைப் பிடித்துக் காட்டித் தந்தார். காதைத் தூக்கிப் பார்த்தார். இப்படித் தொங்குகிற காதுக்குள் காற்றுப் போகாது, கழுவித் துடைக்காவிட்டால் புண் வரும் என்றார். பல்லில் படிந்த மஞ்சளையும் காட்டினார். நாங்கள் கண்ணை மட்டும் பார்த்து அழுதுகொண்டிருந்த நாய்க்கு இவ்வளவு இடத்தில் நோய் இருந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்தபோது அம்மா வாசலில் நின்றார். பக்கத்தில் மலர் மாமி, கையில் நல்லெண்ணெய்ப் போத்தல்.

"எங்கையடி கொண்டு போனனீ? எல்லா இடமும் தேடினனாங்கள்," என்றார் மாமி. "முதுகெண்டு நீயே சொன்னாய்தானே, வா உருவி விடுவம்."

"உருவக் கூடாது," என்றேன்.

"என்ன?"

"உருவக் கூடாது மாமி. டொக்டர் சொன்னவா. இனி ஒருத்தரும் அவனைத் தொடக்கூடாது. கட்டிலில ஏறி இறங்கித்தான் முதுகு போனது. அவன் ஏங்கிக் கிடக்கேல்லை, எழும்ப ஏலாமல் கிடக்கிறான்." என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. போத்தலை மாமியின் கையில் இருந்து வாங்கி மதிலில் வைத்தேன்.

அம்மா என்னிடம் மெல்லக் கேட்டார், "அப்ப அது அவனை நினைக்கவே இல்லையோ?"

நினைத்தானோ இல்லையோ, அண்ணா, எனக்குத் தெரியாது. இன்றைக்கும் தெரியாது. அம்மா அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். அவருக்கு எஞ்சியிருந்த ஒரே ஆறுதலை அன்று நான்தான் பிடுங்கினேன். வேறு வழி இருக்கவில்லை. இருந்ததா?

அப்பிள் பெட்டியைத் தையல் மெசினுக்குப் பக்கத்தில் வைத்தேன். அம்மாவும் நானும் வருமானத்துக்குப் பள்ளிக்கூட உடுப்புத் தைக்கிற நேரமெல்லாம் என் காலடியில் இருப்பான். ஆட்கள் தொடர்ந்து வந்தார்கள். கேற்றடிக்கு நானே போனேன். "பார்க்க ஏலாது, மன்னிச்சுக்கொள்ளுங்கோ. அவனுக்கு முதுகில நோவு. பிஸ்கட் சாப்பிடக்கூடாது," என்று சொன்னேன். ஒரு ஆள், "நாங்கள் திரியாயில இருந்து வாறம், ஏங்கிற நாய் எண்டுதானே போட்டிருந்தது?" என்று கோபப்பட்டார். ரூபன் அண்ணாவும் கோபிப்பார் என்றுதான் நினைத்தேன். அவர் வந்து பெட்டிக்குள் பார்த்துவிட்டு, "எனக்கு அண்டைக்கு ஏங்கிற மாதிரித்தான் தெரிஞ்சது தங்கச்சி," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

ஆட்கள் வருவது நின்றது. வீடு அமைதியானது. அம்மா என்னோடு கதைப்பதும் நின்றது. சமைப்பார், எனக்குப் போட்டுத் தருவார், தான் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு எழும்புவார். பெட்டியைத் தாண்டிப் போகும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருக்கும். கிம்புளாவின் பாதத்தை ஒவ்வொரு நாளும் மடித்துப் பார்ப்பேன். மடித்தது மடித்தபடியே நிற்கும். நான் அவசரப்பட்டுவிட்டேனோ, இவன் நடக்கவே போவதில்லையோ, அம்மாவின் ஆறுதலையும் கெடுத்து இவனையும் காப்பாற்றாமல் போகிறேனோ என்று நினைத்துக்கொண்டு ஊசியை விரலில் குத்திக்கொள்வேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா பாரைக் குழம்பு வைத்தார். நீங்கள் போன பிறகு படையலுக்கு வைத்ததோடு சரி, வீட்டில் பாரை வாங்கவே இல்லை. அன்று ஏன் வாங்கினார் என்று நான் கேட்கவில்லை. தாளிக்கிற வாசம் வந்ததும் பெட்டிக்குள் இருந்து ஒரு சத்தம். கிம்புளா குரைத்தான். லொறியைப் பார்த்துக் குரைக்கிற அதே பெரிய சத்தம். குரைத்துவிட்டு என்னைப் பார்த்தான். பிறகு குசினியைப் பார்த்துத் திரும்பக் குரைத்தான்.

அம்மா கையில் அகப்பையோடு வந்து நின்றார்.

"அவன் இல்லாத வீட்டில உனக்குப் பசிக்குதோ?" என்று கேட்டார். கோபமாகத்தான் கேட்டார். கிம்புளா விடாமல் ஏசினான். வேண்டாம் என்றால் கேட்காத சாதி. அம்மாவின் முகம் கோணியது. சிரிப்பு வரப்போகிறது என்று நினைத்தேன், ஆனால் அழுகை வந்தது. உப்புப் புளி இல்லாமல் மீன் துண்டொன்றை அவித்து, முள் எடுத்து, சோற்றில் பிசைந்து, நிலத்தில் இருந்து தன் கையாலேயே ஊட்டினார். அவன் விரலையும் சேர்த்து நக்கினான். பிறகு அம்மா தனக்கும் ஒரு கோப்பையில் சோறு போட்டுக்கொண்டு வந்து, என் பக்கத்தில் இருந்து முழுவதையும் சாப்பிட்டார்.

அன்று பின்னேரம் பாதத்தை மடித்துப் பார்த்தேன். திருப்பி வைக்கவில்லை. ஆனால் வால் நுனி ஒரு தரம் அசைந்தது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "காத்துக்கு அசைஞ்சிருக்கும்," என்றார். ஆனால் போகாமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த கிளினிக்கில் டொக்டர், வயிற்றுக்குக் கீழே துணி கொடுத்துப் பின்பக்கத்தைத் தாங்கிக்கொண்டு மெல்ல நடக்கப் பழக்கலாம் என்றார். பழைய படுக்கை விரிப்பைக் கிழித்துப் பார்த்தேன். அது தடித்த துணி, வயிற்றில் சிவந்து அடையாளம் விழுந்தது. வேறு துணி தேடிக்கொண்டிருந்தபோது அம்மா உங்கள் அறைக்குள் போனார். திரும்பி வரும்போது கையில் அந்தச் சாரம். நான் கட்டிலில் மடித்து வைத்தது. நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போக முதல் கட்டியிருந்த நீலக் கோட்டுச் சாரம். அம்மா அதைத் தோய்க்கவே விட்டிருக்கவில்லை.

ஒரு தரம் முகத்தில் வைத்தார். பிறகு மெசினில் இருந்து கத்தரிக்கோலை எடுத்தார்.

"அம்மா, வேண்டாம்," என்றேன்.

"இதுதான் மெத்தெண்டு இருக்கும்," என்றார். "அவன் கட்டிக் கட்டிப் பதமாகின துணி."

நேராக வெட்டி, உள்ளே பஞ்சு வைத்து, விளிம்பு மடித்து, இரண்டு பக்கமும் கைபிடி வைத்துத் தைத்தார். கைபிடிக்கு இரட்டைத் தையல் போட்டார். தைத்து முடியும்வரை மெசின் சத்தம் மட்டும் கேட்டது.

அந்தக் கிழமை மலர் மாமி பலகையைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். பந்தல் கழட்டின நாள் வாங்குகளோடு சேர்ந்து தன்னுடைய வளவுக்குள் வந்துவிட்டதாம், அதில் மா இடித்துக் காயவைத்துக்கொண்டிருந்தாராம். சுவரோடு சாய்த்து வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"உன்ர வாய்க்குள்ள இவ்வளவு கதை இருந்ததோடி?"

"ஓம் மாமி," என்றேன். அவர் சிரித்துவிட்டார். நானும்.

அண்ணா, கிம்புளா இப்போது நடக்கிறான். முந்தின நடை இல்லை. குடித்தவர் மாதிரிப் பின்பக்கம் ஆடும், இடது பாதம் சிலநேரம் உரசும், படியை நான் ஏற விடுவதில்லை. மெலிந்துவிட்டான், அவனுக்கு அது பிடிக்கவில்லை. காது கழுவுகிற நாளில் என்னோடு கோபிப்பான். டொக்டர் என்னைக் கண்டால் "முதுகு வந்திட்டுது" என்று சொல்லிச் சிரிக்கிறார். அப்பா போனில் முதலில் என்னைக் கேட்பார், பிறகு அவனைக் காட்டச் சொல்வார்.

போன மாதம் அவனை முதல் தரமாகக் கடற்கரைக்குக் கூட்டிப்போனேன். உங்கள் சாரத் துணியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தேன். நண்டுக் குழியைக் கண்டதும் முன்னங்காலால் மண்ணை வாரினான். அப்போது துறைமுகப் பக்கத்தில் இருந்து உங்கள் லாஞ்ச் வந்தது. அந்த எஞ்சின் சத்தம் எங்கே கேட்டாலும் எனக்குத் தெரியும். கிம்புளா தலையைத் தூக்கினான். காது இரண்டும் உயர்ந்தன. லாஞ்ச் கிட்ட வந்தது. ரூபன் அண்ணா கையைக் காட்டினார். அவர் பக்கத்தில், நீங்கள் நிற்கிற இடத்தில், வேறொருவர் நின்றார்.

அவன் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு குனிந்து மண்ணைத் தோண்டத் தொடங்கினான்.

நான்தான் பார்த்துக்கொண்டே நின்றேன். லாஞ்ச் முனையைத் தாண்டி மறைந்த பிறகும் நின்றேன். அங்கேதான் அண்ணா, அழுகை வந்தது. கடற்கரையில் வலை இழுத்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு அழுதேன். எனக்கு வெட்கமாக இருக்கவில்லை.

வருகிற கிழமை உங்களுக்குப் படைக்கும்போது கிம்புளா பணிஸ் இருக்கும். அதில் ஒரு வாய், அன்றைக்கு மட்டும், அவனுக்குக் கொடுப்போம் என்று அம்மாவும் நானும் பேசி வைத்திருக்கிறோம். பலகை உங்கள் கட்டிலோடு இருக்கிறது, சாக்கும் புதிதாக அடித்திருக்கிறேன். எத்தனை பேர் வந்தாலும், கதிரை போதாமல் போனாலும், அதை இனி ஒருவரும் எடுக்கமாட்டார்கள். நானே வாசலில் நின்று சொல்வேன். அவனை எப்போதும் இரண்டு கையாலும் தூக்குவேன். உங்களுக்காக ஏங்குகிற வேலையை அவனுடைய அந்தச் சின்ன முதுகில் ஏற்றமாட்டேன். அது என்னுடைய வேலை. அதை நான் செய்வேன்.

உங்களுக்குப் பிறகு பிறந்து,
உங்கள் கையைப் பார்த்துத் தூக்கப் பழகிய
தங்கச்சி,
துளசி